சல்லடை அக்காவும் கடுகளவு நீலமும்

ஓவியக் குகையில் பெருக்கிய தூசியைச் சல்லடை அக்கா அப்படியே கொட்டிவிடமாட்டார். குகைவாசலில் வெள்ளைத் துணியை விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலை வெயிலில் சலிப்பார். மண் போகும், பூச்சி இறகு போகும். துணியில் வண்ணம் எதுவும் தங்கவில்லை என்றால்தான் கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விடுவார். காவல் வேலைக்கு வந்த பத்தொன்பது வருடமும் இப்படித்தான். செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. “வீட்டுப் பருப்புல கல்லு பொறுக்க மட்டும் இவளுக்குக் கண்ணு தெரியாது” என்பது பேருந்து ஓட்டும் கணவரின் தீராத புகார்.

வாசல் பாறையில் பதினோரு வரிக் கல்வெட்டு. குகையைக் குடைவித்த அரசனின் பட்டங்களும் வெற்றிகளும். பழைய எழுத்து அக்காவுக்குத் தெரியாது. வழிகாட்டிகள் வாசித்து வாசித்துக் காது புளித்திருக்கிறது. “ராஜா பேரு இருக்கு, ராணி பேரு இருக்கு. கழுத்து ஒடிய அண்ணாந்து வரைஞ்சவன் பேரு எங்க?” என்று வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார். அரசன்மேல் கோபமில்லை. “அவரு ஆதரிச்சதாலதானே இவன் வரைஞ்சான். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்” என்பார், இருவரும் பக்கத்துத் தெருவில் குடியிருப்பதுபோல. கூரையில் படகில் போகும் நீலச்சேலை அரசி மட்டும் அவருக்கு ‘நம்ம பொண்ணு’.

போன மாதம் ஒரு காலை துணியில் கடுகளவு நீலம் கிடந்தது. உள்ளே ஓடி அரசியின் சேலையை அண்ணாந்து பார்த்தார் அக்கா. கதவைப் பூட்டிவிட்டார். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி விருந்தினர் கூட்டத்தோடு வந்து நின்றார்.

“ஒரு பொட்டுத் தூசிக்காகவா பூட்டினீங்க? வேலை வேணுமா, வேண்டாமாம்மா?”

“வேலை போனா வேற தேடிக்கிறேன் சார். அவ விழுந்தா யாரு வரையறது?”

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் வழிவிடவே இல்லை. முகம் சிவந்த அதிகாரி விருந்தினர்களோடு திரும்பினார்.

அக்கா தகவல் சொல்ல, மறுநாள் ஓவியங்களைச் சீர்செய்யும் பெண் வந்தார். சாரத்தில் ஏறி, அரசியின் அருகே விரல்முட்டியால் மெல்லத் தட்டினார். டொப் டொப்பென்று வெற்றுச் சத்தம். ஓவியத்தைத் தாங்கும் காரைப்பூச்சு பாறையை விட்டு விலகியிருந்தது. “நேத்து அந்தக் கூட்டம் உள்ள நடந்திருந்தா மொத்தமா விழுந்திருக்கும்க்கா” என்றார். பிறகு ஒன்பது நாள் ஊசிவழியே சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தினார். கீழே சாரத்தைப் பிடித்தபடி அக்கா நின்றார்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண் கூப்பிட்டார். “மேல வாங்கக்கா. உங்களாலதான் இவ பிழைச்சா. நீங்களே தட்டிப் பாருங்க.”

“நான் தொடமாட்டேன் கண்ணு. நீ தட்டு.”

சாரத்தில் ஏறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதை மட்டும் சாய்த்தார் அக்கா. சத்தம் கெட்டியாக வந்தது. “நல்லா இருப்ப தாயி” என்றார். ஓவியத்துக்கு ஈரம் ஆகாது. விறுவிறுவென்று இறங்கி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் அழுதார்.