முருகனோடு காய் விட்டேன்

முருகனை நம்பியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் சண்முகவடிவின் வணக்கம். எனக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பேச்சு நிறையப் பழக்கம். அதனால் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து தில்லிக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை. எங்களுக்கு ஒரே மகள், கோமதி. தில்லிக்கு வந்த சில மாதங்களில், ஆறு வயதில், அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறவியிலேயே பேசாத பிள்ளை என்றால் மனம் ஆறியிருக்கும். இவள் ஊரில் இருந்தபோது பால்காரரை நிறுத்தி வைத்து அவர் மாடுகளின் சுகத்தை ஒவ்வொன்றாக விசாரித்தவள். ரயிலில் வரும்போது பெட்டி முழுவதுக்கும் கதை சொன்னவள். "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் வடிவு" என்று அவள் அப்பா கேலி செய்வார். அந்தப் பூட்டு இப்படி வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

நடந்தது இதுதான். எல்லோரும் வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, மார்க்கெட் பக்கமா என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் முதலில் பள்ளிக்கூடத்தைத்தான் பார்த்தார். தனியார் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். வாசலில் பிள்ளைகள் கோட்டும் டையுமாக நிற்பதைப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு பஞ்சாபி அம்மாள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அறையைப் பிடித்தார். கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி. குழாய் கீழே, குடித்தனம் மேலே. ஆனால் பள்ளிக்கூடம் பக்கம்!

அவரையும் குறை சொல்ல முடியாது. "நான் படிச்ச மாதிரி எம்பிள்ளை படிக்கக் கூடாது வடிவு. ஆபீஸ்ல நாலு வரி இங்கிலீஷ்ல எழுத நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்து சீட்டுக்காரன் சிரிக்கான்" என்பார். அந்தச் சிரிப்பு அவருக்கு ரொம்பவும் வலித்திருந்தது.

கோமதிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. முதல் வாரமே வந்து, "எம்மா, நான் பேசினா எல்லாரும் சிரிக்காங்க" என்றாள். பாவம், அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வலி. இங்கிலீஷும் இந்தியும் தவிர அங்கே வேறு பேச்சில்லை, இவளுக்கோ எங்கள் ஊர்த் தமிழ் மட்டும்தான் தெரியும். அப்போது ஆபீஸில் யாரோ இவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் தமிழை நிறுத்தினால் பிள்ளைக்கு இங்கிலீஷ் தானாக வந்துவிடுமாம். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமா? "ஈட் ரைஸ்", "டிரிங்க் வாட்டர்". இந்த இரண்டை வைத்துக்கொண்டு நான் பிள்ளை வளர்த்தேன். பிள்ளை விழுந்து முழங்காலில் ரத்தம் வந்தபோதுகூட "டிரிங்க் வாட்டர்" என்றுதான் சொன்னேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பில்லை. இங்கிலீஷ் வரவில்லை, இருந்த தமிழும் போய்விட்டது. தீபாவளிக்குள் கோமதி பள்ளிக்கூடத்திலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டுவாள். தூக்கம் வந்தால் பாயைக் காட்டுவாள். பயந்துபோய் நாங்கள் சட்டத்தை எடுத்துவிட்டுத் தமிழில் கெஞ்சிப் பார்த்தோம். அப்போதும் வாய் திறக்கவில்லை.

டாக்டர் நாக்கையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எனக்குத் துணையாக வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாளும் வந்தார். டீச்சர் ஏதோ கேட்டதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. வரும் வழியில் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். "பச்சி ஊமையா என்று கேட்கிறாள், பெஹன்ஜி." பச்சி என்றால் பெண்பிள்ளை.

அன்று சமையல் செய்யவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் குணம் அப்படி. "இந்தா பாரும், எம்பிள்ளை வாயில ஒரு சொல்லு வரணும். அது வார வரைக்கும் உமக்கும் எனக்கும் பேச்சில்ல. காய்!" என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு எழுந்தேன். சின்னப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு காய் விடுவார்களே, அதேதான். மறுநாளிலிருந்து விளக்கு ஏற்றுவேன், பூ வைப்பேன், பால் வைப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். வாய் ஓயாமல் அவனோடு பேசிப் பழகியவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

தைப்பூசம் கழிந்த வாரம், லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டாம் சனிக்கிழமை மூவரும் பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். வீட்டுக்குள்ளேயே குழாய்! நான் அதைத் திறந்து திறந்து மூடினேன். திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் கூட்டமாக வெளியே ஓடி வந்தார்கள். "அரே, ஜல்தி வாடா, பஸ் போயிரும்!" என்று ஒரு பெண் தன் தம்பியை விரட்டினாள். கோமதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேசத்தான் இல்லை.

வீட்டில் எங்களுக்குள் வாக்குவாதம். குவார்ட்டர்ஸில் இருந்து கோமதி படிக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு நேர் பஸ் கிடையாது. அங்கே போனால் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். வேண்டாம் என்று மறுத்தால் அடுத்த குவார்ட்டர்ஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"குழாய்க்கு ஆசைப்பட்டு பிள்ளை படிப்பைக் கெடுக்கச் சொல்லுதியா?"

"அத்தான், மொதல்ல பிள்ளைக்கு வாய் வரட்டும். அப்புறம் எந்தப் பாஷையில வேணும்னாலும் பேசட்டும்."

"அங்க சேத்தா அவளும் என்னை மாதிரி கிளார்க்காத்தான் ஆவா."

"உங்கள மாதிரி ஆனா என்ன கொறஞ்சிரும்? நான் கட்டிக்கிடலையா?"

அவர் பாதி சிரித்தார், பாதி முறைத்தார். இதையெல்லாம் கோமதியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டேதான் பேசினோம். பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று எங்களை அறியாமலே நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

கடைசியில் அவர், "முருகன்கிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்போம்" என்றார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, விவரம் அறியாத பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வோம். சிவப்பு வந்தால் குவார்ட்டர்ஸ், வெள்ளை வந்தால் இங்கேயே இருப்பது என்று பேசிக்கொண்டோம்.

பூ கிடைத்தது. பொதிந்து கட்ட வெற்றிலை வேண்டுமே. பான் கடைக்குப் போனவர் தனக்குத் தெரிந்த இந்தியில் இரண்டு இலை கேட்டிருக்கிறார். கடைக்காரர் இலையை வெறுமனே கொடுக்க மனமில்லாமல் குல்கந்து, தேங்காய்ப்பூ எல்லாம் வைத்து மடித்துக் கொடுத்துவிட்டார். இவரும் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். மீட்டா பான் என்கிற அந்த இனிப்பு பீடா இரண்டையும் நாங்களே மென்று தின்றோம். வெறும் இலை வாங்க அவர் மறுபடி படியிறங்கினார். இடி விழுந்த வீடு மாதிரி இருந்த எங்களுக்கு அன்றுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. பொட்டலங்கள் இரண்டும் விளக்கின் முன்னால் இருந்தன. "வேண்டிக்கோ வடிவு" என்றார். காய் விட்டிருக்கிறேனே, நான் எப்படி வேண்டுவது? நீங்களே வேண்டுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். பிறகு கோமதியை உட்கார வைத்து, "இதுல ஒண்ணை எடு தாயி" என்றார்.

அவள் எடுக்கவில்லை. ஒரு பொட்டலத்தைப் பார்த்தாள். மற்றதைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எதுலப்பா தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு?"

சத்தியமாக அந்தக் குரல் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு நாள் ஆகியிருந்தது. கரகரப்பாக, சின்னதாக வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு பொட்டலத்தையும் அள்ளி அவள் மடியில் போட்டார். "ரெண்டுலயும் இருக்கு தாயி. ரெண்டுலயும் அதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டார். கோமதி அவரிடமும் ஏதோ தமிழில் சொன்னாள். ஒரு வார்த்தை புரியாமலே அந்த அம்மாளும் அழுதார்.

பொட்டலங்களைப் பிரிக்கவே இல்லை. அப்படியே முருகன் காலடியில் வைத்தேன். கட்டைவிரலை அவனிடம் நீட்டி, "பழம்" என்றேன். அத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அன்று காலை முழுவதும் அவனிடம் பேசித் தீர்த்தேன்.

அந்த மாதமே குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் போய்விட்டு வந்தவள், தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். இந்தி அந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடியே வந்துவிட்டது. பின்னால் இங்கிலீஷும் அதன் நேரத்துக்கு வந்தது. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாள். அவள் அப்பா ஆபீஸில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் அவளிடம்தான் காட்டித் திருத்திக்கொள்கிறார்.

தனியார் பள்ளிக்கூடம் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்கார அம்மாளின் மகன் அதே பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்து முன்னுக்கு வந்தான். பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கட்டடத்தையும் கோட்டையும் டையையும் பார்ப்பதோடு, பிள்ளையையும் ஒரு தரம் கேளுங்கள். நாங்கள் முருகனிடம் கேட்கப் போனோம். அவன், என்னிடம் ஏன் கேட்கிறாய், பக்கத்தில் இருப்பவளைக் கேள் என்று பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினான். அவனை நம்புங்கள். கோபம் வந்தால் சண்டையும் போடுங்கள், விளக்கை மட்டும் நிறுத்தாதீர்கள். காய் விட்டாலும் அவன் நம் வீட்டை விட்டுப் போவதில்லை.

இதை நான் எழுதும்போது கோமதி பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். இப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்ததும் முருகன் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்பனே, ஒரு காப்பி குடிக்கிற நேரத்துக்காவது இவ வாயை மூடி வையி" என்று வேண்டிக்கொள்கிறார். அந்த ஒரு வேண்டுதலை மட்டும் முருகன் இன்றுவரை காதில் போட்டுக்கொள்ளவில்லை.