பூரணி வீட்டுக்கு வந்த செம்புகள்

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஐம்பத்து நாலாம் வருஷத்து மழைக்காற்று பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டுபோய் ஆற்றில் போட்டது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே ஆயாவாக இருந்தவள், கூரை போனதே சாக்கு என்று கொத்மலைக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். மூன்று மாதத்தில் புதுக் கூரை வரும் என்றார் துரை. துரைமார் சொல்லும் மூன்று மாதம் எத்தனை மாதம் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நின்ற நாலாம் லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பரா மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம். அதில் கணவன் சோலைமலையோடும் ஆறு மாதக் கைப்பிள்ளையோடும் குடியிருந்தவள் பூரணி. பொன்னையா கங்காணி ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"கூரை போடுற வரைக்கும் நீயே புள்ளைகள ஒன் வீட்டுல வச்சுப் பாத்துக்க. மலைக்கு வந்த மாதிரி பேர் போட்டுச் சம்பளம் வாங்கித் தர்றேன்."

பூரணி யோசிக்காமல் சரி என்றாள். காரணம் இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை, பெண், பக்கத்து வீட்டுச் சிறுமியின் கையில் விட்டுவிட்டு மலைக்குப் போன ஒரு நாளில் போய்விட்டது. காலையில் லேசாக உடம்பு சுட்டது, பிள்ளை முனகிக்கொண்டே கிடந்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடுமே என்று போனாள். செய்தி மேலே வந்து, கூடையைப் போட்டுவிட்டு அவள் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது இருக்கிற சிவசாமியை இன்னொருத்தர் கையில் விட்டுவிட்டு இனி ஒருநாளும் மலை ஏறுவதில்லை என்று அவள் மனசுக்குள் சத்தியம் செய்திருந்தாள். சத்தியம் செய்வது சுலபம், சோறு யார் போடுவது? அந்தக் கேள்விக்குத்தான் காற்று பதில் கொண்டுவந்திருந்தது.

ஆனால் ஒரு சங்கதி. பூரணியின் சாதி வேறு. பிள்ளைகளை அவள் தூக்கலாம், ஆட்டலாம், அள்ளலாம், அலசலாம். அவள் வீட்டுப் பாத்திரத்தில் இருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாது. லயத்துப் பெண்கள் கூடிப் பேசி அதற்கும் வழி கண்டார்கள். ஒவ்வொருத்தியும் காலையில் பிள்ளையோடு ஒரு செம்பும் சங்கும் கொண்டுவருவாள். கஞ்சியோ பாலோ அதில் இருக்கும். அதிலிருந்து அந்தந்த வீட்டுச் சங்கால் புகட்டவேண்டும். சாயங்காலம் பிள்ளையையும் செம்பையும் வாங்கிக்கொண்டு நேரே பீலிக்குப் போவார்கள். ஓடைத் தண்ணீர் குழாயில் விழும் அந்த இடத்தில் நின்று, சாம்பல் போட்டுச் செம்பைக் கரகரவென்று தேய்ப்பார்கள். அந்தச் சத்தம் தொங்கல் காம்பராவுக்குள் நன்றாகக் கேட்கும். கேட்கவேண்டும் என்றுதான் தேய்த்தார்களோ என்னவோ. பூரணி அந்த நேரத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். புகையில் கண் கலங்குவதாகச் சோலைமலை நினைத்துக்கொள்வான்.

ஒரே ஒரு காம்பரா. அதில் உத்தரம் முழுக்கச் சேலைத் தொட்டில்கள். தன் பிள்ளையின் தொட்டிலுக்கு இடம் இல்லாமல் அதை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கட்டினாள். மத்தியானம் புருஷன் சோற்றுக்கு வருவான், அதற்குள் உலை கொதிக்க வேண்டும். புகை பட்டால் பிள்ளைகள் இருமும், இருமினால் சாயங்காலம் தாய்மார் முகம் கோணும். அதனால் விடியுமுன்பே சமைத்துவைத்து, ஆறின சோற்றையே சோலைமலைக்குப் போட்டாள். அதை அவன் பொறுத்துக்கொண்டான். பிள்ளை இளைப்பதைத்தான் பொறுக்கவில்லை.

"வீட்டுலயே கெடக்குற, ஆனா நம்ம புள்ள எளைச்சுக்கிட்டே போறான். ஊரு புள்ளையெல்லாம் கொழுக்குது. என்னா நடக்குது இங்க?"

"பல்லு மொளைக்குது, அதான்" என்றாள் பூரணி. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் அதைக் கவனிக்காமல் இல்லை.

நடந்தது இதுதான். மூன்றாம் லயத்து அம்மாக்கண்ணுவுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, பெயர் நல்லமுத்து. பக்கத்து மலைகளில் பறித்தவரைக்கும் அம்மாக்கண்ணு காலைத் தேத்தண்ணி நேரத்தில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். பிறகு கொழுந்து உச்சி மலைக்கு மாறியது. அங்கிருந்து இறங்கி ஏறினால் பாதி நாள் போய்விடும், கங்காணி விடமாட்டார். அவள் வீட்டில் ஓர் ஆடு இருந்தது. ஆட்டுப்பாலைக் காய்ச்சிச் செம்பில் கொடுத்தனுப்பினாள். நல்லமுத்து சங்கைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டது. ஊற்றினால் துப்பியது. முதல் நாள் கத்தியது, இரண்டாம் நாளும் கத்தியது. மூன்றாம் நாள் கத்தக்கூட வலுவில்லாமல் முனகியது.

அந்த முனகலைப் பூரணி முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள். கதவைச் சாத்தினாள். சாதி, செம்பு, பீலி ஒன்றும் அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. பிள்ளையை எடுத்து மாரோடு அணைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தூங்கியது. தூங்கின பிறகுதான், யாராவது பார்த்தார்களா என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் கொடுத்தால் மறுநாளும் கொடுக்கத்தானே வேண்டும்? கொடுத்தாள். செம்புப் பாலை என்ன செய்வது? அப்படியே திருப்பி அனுப்பினால் கேள்வி வரும். தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம், பசியில்தான் கிடக்கிறான். ஆனால் அடுத்தவள் செம்பிலிருந்து எடுத்தாள் என்று யாராவது கண்டால், திருட்டுப் பட்டம் சாகும் வரைக்கும் போகாது. பின்பக்கக் கானில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். தாய்ப்பாலில் பாதி ஊரான் வீட்டுக் குழந்தைக்கு, ஆட்டுப்பால் சாக்கடைக்கு, சிவசாமிக்கு மிச்சம். இந்தக் கணக்கை நினைத்து நினைத்து அவள் வயிறு எரிந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

அங்கே அம்மாக்கண்ணுவுக்கு வேறு விதமாக எரிந்தது. மலையில் நாளெல்லாம் மார் கட்டி வலித்துக்கொண்டு வந்து பிள்ளையை அணைத்தால், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்குகிறது. முதலில் தன் பாலில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பிறகு, பிள்ளை ஏன் எப்போது பார்த்தாலும் தூங்குகிறது என்று நினைத்தாள். இறம்பொடைப் பக்கம் ஏதோ தோட்டத்தில் ஒரு ஆயா பிள்ளைகளின் நாக்கில் அபின் தடவித் தூங்கவைத்தாளாம் என்று பீலியில் ஒருத்தி சொன்னாள். போதாதா? அன்றிலிருந்து சாயங்காலம் பிள்ளையை வாங்கியதும் அதன் வாயை மோந்து பார்க்கத் தொடங்கினாள். கண்ணைத் திறந்து பார்ப்பாள். பூரணியின் விரல்களைப் பார்ப்பாள். காம்பராவுக்குள் எட்டி அடுக்குப்பானைகளைப் பார்ப்பாள்.

"என்னாங்கக்கா பாக்குறீங்க?" என்று பூரணி ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றாள் அம்மாக்கண்ணு.

இரண்டு பேருக்குமே அது சும்மா இல்லை என்று தெரியும். பூரணிக்குத் தூக்கம் போயிற்று. கதவிடுக்கில் நிழல் ஆடினால் பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கினாள். பக்கத்துக் காம்பராவில் யாராவது சிரித்தால் தன்னைத்தான் என்று நினைத்தாள்.

கடைசியில் கானே காட்டிக்கொடுத்தது. காலில் முள் குத்தி அன்று சீக்கிரம் இறங்கிவந்த அம்மாக்கண்ணு, தொங்கல் காம்பராவின் பின்பக்கம் கானில் வெள்ளையாக ஓடுவதைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். தன் ஆட்டின் பால். பாலைக் கொட்டிவிட்டு எதைக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள் இவள்? அவள் பூரணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேரே கங்காணியிடம் போனாள்.

மறுநாள் காலை, பொன்னையா கங்காணியும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரும் வந்துவிட்டார்கள். பின்னால் முதுகில் கூடையோடு அம்மாக்கண்ணு. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கங்காணி சொன்னதால், அன்று காலையும் அவள் வழக்கம்போலப் பிள்ளையை விட்டுப் போயிருந்தாள். பூரணி இஸ்தோப்பில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சோலைமலை மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான், அந்த மட்டுக்கும் தப்பித்தாள்.

"புள்ளைக்கி அபின் குடுக்குறியாமே?" என்றார் கங்காணி.

"எம் புள்ள மேல சத்தியமா இல்லீங்க."

"அப்ப பால ஏன் கான்ல ஊத்துன?"

பூரணி கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். உண்மையைச் சொன்னால் அபின் பழி போகும். அடுத்த நிமிஷமே அத்தனை தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அம்மாக்கண்ணுவின் பிள்ளையை லயமே தள்ளிவைத்துப் பார்க்கும். சோலைமலைக்குத் தன் பிள்ளை ஏன் இளைத்தான் என்பதும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் அபின்காரி. எப்படிப் பார்த்தாலும் நாளைக்கு மலைதான், சிவசாமி யாரோ ஒருத்தர் கையில்தான்.

டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். தொட்டிலில் தூங்கிய நல்லமுத்துவின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். "கண் நல்லாத்தான் இருக்கு. அபின் எண்டால் கண்மணி சுருங்கிப் போயிருக்கும்" என்றார்.

தூக்கம் கலைந்த பிள்ளை வீரிட்டு அழுதது. அம்மாக்கண்ணு கூடையை இறக்கிவிட்டு வாரி எடுத்தாள். பிள்ளை அவள் தோளில் நிற்கவில்லை. உடம்பை வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, பூரணியின் பக்கம் பாய்ந்தது.

"பழகிப்போச்சு" என்றார் கங்காணி.

அம்மாக்கண்ணு திரும்பிப் பூரணியைப் பார்த்தாள். துணி அலசுவதற்காக முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள் பூரணி. பிள்ளை அழ அழ அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துகொண்டே வந்தது. இஸ்தோப்புத் தொட்டிலில் அவள் மகன் அசையாமல் தூங்குகிறான். அழுகிறது அவன் அல்ல. ஆண்பிள்ளைகள் கண்ணுக்கு அது ஈரம், துணி துவைக்கிறவள் நனைந்திருக்கிறாள், அவ்வளவுதான். பெற்றவள் கண்ணுக்கு அப்படி இல்லை. பூரணி அவசரமாக முந்தானையை உருவிப் போர்த்திக்கொண்டாள். அம்மாக்கண்ணுவுக்கு உண்மை புரிய, போர்த்தினதே போதுமானதாக இருந்தது.

அம்மாக்கண்ணுவின் முகம் முதலில் சிவந்தது. தன் பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். பிறகு இஸ்தோப்புத் தொட்டிலைப் பார்த்தாள், சேலைக்கு வெளியே தொங்கிய சிவசாமியின் குச்சிக் காலைப் பார்த்தாள். பூரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பால் திரிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள் அம்மாக்கண்ணு. "நான்தான் பாக்காம குடுத்தனுப்பிட்டேன். அதத்தான் ஊத்தியிருக்கா."

கங்காணி நம்பவில்லை. "இந்தக் குளிர்லயா பால் திரிஞ்சுச்சு? நேத்து என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்ன?"

"பெத்தவளுக்குப் பயமா இருக்காதுங்களா? ஏதோ நெனச்சுச் சொல்லிட்டேன்."

டிஸ்பென்சர் குடையை எடுத்துக்கொண்டார். கங்காணி இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். இதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. என்ன என்று மட்டும் சாகும்வரை பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாக்கண்ணு பூரணியின் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். நாளை கொண்டுவரமாட்டாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவரமாட்டார்கள் என்று பூரணி நினைத்தாள். சிவசாமியை மடியில் போட்டு அழுதாள். சோலைமலை ஏன் என்று கேட்டான், பல்வலி என்றாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் பல்லிலேயே நோவு வருகிறது என்று அவன் முறைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் பனிமூட்டத்தில் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், பிள்ளையோடும் செம்போடும். எல்லாரும் போன பிறகு கடைசியாக அம்மாக்கண்ணு வந்தாள். பிள்ளையைக் கொடுத்தாள். செம்பைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன நாளா?"

"நீங்க உச்சி மலைக்குப் போனதுலருந்துங்க."

"சாயங்காலம் குடுக்காத. எங்கிட்ட வரும்போது அதுக்குப் பசிக்கணும். எனக்கும் புள்ள வேணுமில்ல."

"சரிங்கக்கா."

அம்மாக்கண்ணு செம்பை நீட்டினாள். அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது, கழுத்துவரைக்கும் பால். "இது ஒம் மவனுக்கு. கான்ல ஊத்தாத. யாரும் கேட்டா எம் புள்ளதான் குடிக்குதுன்னு சொல்லு."

அன்று சாயங்காலம் நல்லமுத்து பசித்து அழுதது. இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து அம்மாக்கண்ணு பால் கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு காலியான செம்பை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். அங்கே நின்ற பெண்கள் விலகி இடம் விட்டு, அவள் முகத்தையும் செம்பையும் பார்த்தார்கள். அவள் சாம்பலை அள்ளிப் போட்டு, அவர்கள் பார்க்கப் பார்க்க மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் கரகரவென்று தேய்த்தாள். உள்ளே சிவசாமி வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். பூரணி அடுப்பை ஊதிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அது நிற்கும்வரைக்கும் கேட்டாள், அன்றைக்கு அது அவளுக்கு வலிக்கவில்லை.