அப்பாவுக்கு நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்

வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட புதிதில் நான் எழுதிய முதல் நோட்டீஸ் என் சொந்த அப்பாவுக்குத்தான் போனது. ஒரே வீடுதானே, கையில் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். பதிவுத் தபாலில்தான் வர வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார்.

அப்பா விபத்து வழக்குகள் நடத்துபவர். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருக்கு ஆபீஸ். கையில் கட்டு, காலில் கட்டு என்று காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இவ்வளவு பேரைப் பார்த்த பயமோ என்னவோ, ஸ்கூட்டர் ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. சைக்கிள்தான். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் அதையும் ஓரமாக நிறுத்திவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், கோடம்பாக்கம் ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்தச் சைக்கிளைக் கேட்டு வாங்கிப் போனார். அவருக்கு அப்பா ஒரு கேஸ் ஜெயித்துக் கொடுத்திருந்தார். பின் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், கேரியரில் இரண்டு பேட்டரி என்று பொருத்தித் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மிதிக்கவே வேணாம் சார். குந்திக்கினு போய்க்கினே இருங்க."

அப்பாவுக்கு ஒரே குஷி. காய்கறி வாங்க, பேப்பர் வாங்க, ஒன்றுமே வாங்காமல் திரும்பி வர என்று மாட வீதிகளைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இன்றைக்குப் பேட்டரி வண்டிகள் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. அன்று அது ஒன்றுதான். துளிச் சத்தம் இல்லாமல் ஒரு வக்கீல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க ஜனங்கள் கடை வாசலுக்கே வந்து நின்றார்கள்.

அந்தச் சத்தமின்மைதான் வினையாயிற்று. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும். டீக்கடையிலிருந்து துணி மூட்டையோடு தெருவில் இறங்கிய ஒருவர்மீது அப்பா மோதிவிட்டார். அவருக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அப்பாவே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மாவுக்கட்டுப் போடும்வரை கூட இருந்திருக்கிறார். பதற்றத்தில் பெயர், விலாசம் எதையும் கேட்கவில்லை, தன்னுடையதையும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் விசாரித்தார், தகவல் கிடைக்கவில்லை. வீட்டில் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த நாள் அந்த மனிதரே எங்கள் வாசலில் வந்து நின்றார். தையல்கடை பாய். அடிபட்ட கேஸ் என்றால் இந்த வக்கீலிடம் போ என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "அட, நீங்களா சாப்!"

"நான்தான்" என்று அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கை எப்படி இருக்கு பாய்?"

"கை கீது. வேலைதான் இல்ல. தீவாளி ஆர்டர் மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு."

அப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, வருகிற கட்சிக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். "உங்களுக்கு நல்ல கேஸ் இருக்கு. தப்பு முழுக்க என் பேர்லதான். ஆனா உங்களுக்காக நான் ஆஜராக முடியாது. எதிர்க்கட்சியே நான்தானே."

"அப்ப வேற யாருனா நல்ல வக்கீலா சொல்லுங்க."

தன் நண்பர்கள் எல்லோரும் தனக்காக விட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். மேஜை ஓரத்தில் இருந்த என்னைக் காட்டினார். "இவ என் பொண்ணு. எனக்குத் தயவுதாட்சண்யம் பாக்காத ஒரே வக்கீல் இவதான்."

பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "பொண்ணு அப்பாவ விட்டுக்குடுக்குமா சாப்?"

"அந்தக் கவலையே வேண்டாம்" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அன்று முதல் சாப்பாட்டு நேரம் கோர்ட்டாகிவிட்டது. அது மோட்டார் வாகனமா, சைக்கிளா? சின்ன எஞ்சினுக்குச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, அந்த அளவை சி.சி.யில் சொல்கிறது. பேட்டரிக்கு ஏது சி.சி.? வாகனம் என்றால் பதிவு இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, அப்பா மாட்டிக்கொண்டார். சைக்கிள் என்றாலும் கவனக்குறைவு கவனக்குறைவுதான், அப்போதும் மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கத்துக்கும் அவரே வாதாடி இரண்டிலும் தோற்றார்.

"ஏன்னா, ரசம் ஆறிண்டிருக்கு" என்றாள் அம்மா.

நோட்டீஸ் வந்ததும் அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். "இடது கைதானேன்னு எதிர் வக்கீல் கேப்பான். மிஷின்ல துணியைப் பிடிச்சு நகத்தறதே அந்தக் கைதான்னு எழுத வேண்டாமா? திருத்தி இன்னொண்ணு அனுப்பு."

அனுப்பினேன்.

வண்டியைச் செய்தவருக்கும் இதில் பொறுப்பு உண்டா என்று ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மோட்டார் வெச்சேன், பிரேக்கு வெச்சேன், பெல்லும் வெச்சேன். நீங்க அடிக்கலன்னா நான் இன்னா சார் பண்றது?"

அப்பா சிரித்துவிட்டார். அவரைச் சேர்க்கும் பேச்சு அதோடு முடிந்தது.

சமரசப் பேச்சுக்கு பாயின் கடையிலேயே கூடினோம். நஷ்ட ஈட்டுக்கு அப்பா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். பாயின் முகம் தெளியவில்லை.

"கோர்ட்டு துட்டு அப்பால வரட்டும் மேடம். தீவாளி அன்னிக்கு ஜாக்கெட்டு இல்லாம பொம்பளைங்க வந்து நின்னா நான் எங்க ஓடுறது?"

எங்களோடு வந்திருந்த அம்மா சுற்றிலும் பார்த்தாள். பாதி தைத்த ஜாக்கெட்டுகள் கொடி முழுக்கத் தொங்கின. "கொக்கி வெக்கறது, ஓரம் அடிக்கறதெல்லாம் எனக்கு நன்னா வரும். மிஷினுக்கு மட்டும் இவர் செலவுல ஒரு ஆளைப் போட்டுக்கோங்கோ" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சட்டப்படி அவளுக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று நான் சொன்னேன். "ஊசியை எடு" என்றாள்.

தினமும் மத்தியானம் சமையலை முடித்துக்கொண்டு அம்மா கடைக்குப் போனாள். பாய் வலது கையால் சாக்குக்கட்டி பிடித்துக் கோடு போடுவார், புது ஆள் வெட்டித் தைப்பார், அம்மா கொக்கி வைப்பாள். ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் அம்மாவிடம் பேச உட்கார்ந்து, கூட ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கொடி காலியானது.

கட்டைப் பிரித்த பிறகு பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், காப்பி குடித்தார், போகாமல் நின்றார்.

"இன்னும் ஏதாவது குறை இருக்கா பாய்?" என்று அப்பா கவலையோடு கேட்டார்.

"அத்த ஒரு தபா ஓட்டிப் பாக்கலாமா சாப்?"

ஏறி உட்கார்ந்தவர் மறுநிமிடம் தெருக்கோடியில் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா பின்னாலேயே ஓடினார். "மெதுவா பாய்! வண்டி என்னுது! யாரையாவது இடிச்சா நான்தான் பொறுப்பு!"

யாரையும் இடிக்கவில்லை. இருவரும் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி, பேசிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.