நீல வட்டத்தில் நடக்கிற ஆள்

எங்கள் ஷூ கம்பெனி கேட்டைத் தாண்டியதும் ஒரு நீல வட்ட போர்டு இருக்கிறது. அதில் வெள்ளையாய் ஒரு ஆள் நடந்துகொண்டிருப்பான். அங்கிருந்து தையல் செக்‌ஷன் வரை குறுகலான சிமெண்ட் பாதை. மழை பெய்தால் இரண்டு பக்கமும் சேறு. போர்டுக்குக் கீழே வாட்ச்மேன் நின்றுகொண்டு, வண்டியில் வருகிறவர்களை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். அந்தப் படத்துக்கு அதுதான் அர்த்தம் என்று நான் நம்பியிருந்தேன்.

நான் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. முன்னால் நடக்கிற பெண்களை, தள்ளிக்கொண்டு போகிற மொபெட்டின் முன்சக்கரத்தாலேயே ஒதுக்குவேன். "ஓரம் போங்கம்மா, கல்யாண ஊர்வலமா போறீங்க?" அவர்கள் சேற்றில் இறங்கி நிற்பார்கள்.

லைசென்ஸ் இல்லாதவர்களின் வண்டியை இனி கேட்டுக்குள் விடமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸை நம்பினால் ஷிஃப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. தாமதமாக வருகிற சூப்பர்வைசரை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அவசரமாக எல்.எல்.ஆருக்குப் படித்தேன். புத்தகத்தில் அந்த நீல வட்டம் வந்ததும், தினமும் பார்ப்பதுதானே என்று பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் நடந்த பரீட்சையில் கம்ப்யூட்டர் அதையே கேட்டது. ஒரு மார்க்கில் போயிற்று. ஆபீசருக்கு என்மேல் இரக்கம். படத்தைக் காட்டி, "இத பாத்தா இன்னா பண்ணுவீங்கம்மா?" என்றார்.

"வண்டிய வுட்டு எறங்கி, தள்ளிக்கினு போவேன் சார்."

வரிசையில் நின்ற காலேஜ் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "அது நடக்கறவங்களுக்கு மட்டும் உள்ள பாதைம்மா. வண்டியே உள்ள வரக் கூடாது. நல்லா படிச்சிட்டு வாங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வீட்டில், சர்வர் வேலை செய்யவில்லை என்று புளுகினேன்.

மறுநாள் நல்ல மழை. பஸ்ஸில் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்களோடு நடந்தேன். பின்னால் கட்டிங் சூப்பர்வைசர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். குடைக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "ஓரம், ஓரம்," என்றார். இது எங்கள் பாதை என்று திரும்பிச் சொல்ல வாய் வரை வந்தது. எந்த வாயால் சொல்வது?

என் லைனில் கட்டைவிரல் தேயத் தேய லைனிங் ஒட்டுகிற பெண் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். சேற்றுக்குள் வரிசையாக உடைந்த செங்கற்கள் கிடந்தன.

"இதும்மேல காலு வைங்கக்கா, வழுக்காது. நீங்க வண்டியோட வரும்போது எறங்கி நிக்கறதுக்குன்னு நாங்கதான் போட்டு வெச்சோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். ஆபீசில் அந்தப் பிள்ளைகள் சிரித்ததைப் போய் அவமானம் என்று நினைத்தேனே. கல்லின்மேல் கால் வைத்தேன். ஆடாமல் பதித்திருந்தார்கள்.