பூட்டக்காவின் கல்யாண நாள்

எங்கள் தொழிற்சங்க ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போடுகிறவள். ஐம்பது வயதில் கல்யாணம் செய்துகொள்ளத் துணிந்தாள். மாப்பிள்ளை எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். சாட்சிக் கையெழுத்து நான்.

சாயங்காலம் பதிவு அலுவலகம் போக வேண்டும். அவளோ புதுத்துணியோடு சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

நோயாளிகள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்கும் வெப்சைட்டை மறுநாள் திறக்கிறார்கள். வெளியாட்களுக்குப் பதில் சொல்வது வெப் சர்வர். ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுப்பது பின்னாலிருக்கும் அப்ளிகேஷன் சர்வர். வெப் சர்வர் வரைக்கும் பாதை பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் திறந்த வீடு. ஆஸ்பத்திரிக்குள் ஒயரை மாட்டுகிற எவனும் யாருக்கு என்ன நோய் என்று படித்துவிடலாம்.

நிர்வாகி, ரெண்டும் ஒரே கட்டடம்தானே, கல்யாணம் முடிந்து வந்து பூட்டலாம் என்றார். நோய் வெளியே தெரிந்து வேலை போனவர்களுக்காகச் சங்க மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அவளிடம் எழுந்து வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு சர்வருக்கும் தான் யாரென்று காட்டுகிற சான்றிதழ் செய்தாள். ஒன்றையொன்று சரிபார்த்த பிறகுதான் பேச்சு, சம்பந்தம் பேசுகிற வீடுகள் மாதிரி. வெப் சர்வர் ஒப்புக்கொண்டது. உள்ளே இருந்த மகராசி, அந்த அப்ளிகேஷன் சர்வர், 'செல்லாது' என்று கதவைச் சாத்தினாள். பூட்டக்கா அதிலிருந்த பெயரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், சான்றிதழையே புதிதாகச் செய்தாள். செல்லாது.

மாப்பிள்ளை மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்து சேர்ந்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்ளிகேஷன் சர்வரின் திரையை வேடிக்கை பார்த்தான்.

"ஏங்க, இதுல நேத்து தேதி ஓடுது. இத நம்பினா நமக்கு நாளைக்குத்தான் கல்யாணம்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் கரண்ட் போய் வந்ததில் அதன் கடிகாரம் ஒரு நாள் பின்தங்கிவிட்டது. இன்று செய்த சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்காத பிள்ளை. பிறக்காத பிள்ளைக்கு யார் கதவு திறப்பார்?

கடிகாரத்தைத் திருத்தினாள். இரண்டும் குசலம் விசாரித்துக்கொண்டன. அதோடு விட்டாளா? மருந்துக் கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து தானே ஒட்டுக்கேட்டுப் பார்த்தாள். ஒரு எழுத்தும் புரியவில்லை. அப்போதுதான் முகம் மலர்ந்தது.

அவனுடைய பழைய காரில் பறந்தோம். பதிவாளர் அலுவலகத்தைப் பூட்டப் போன நேரம். முனகிக்கொண்டே உட்கார்ந்து, இருவரின் அடையாள அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

பூட்டக்கா மேசைமேல் எட்டிப் பார்த்தாள்.

"சார், தேதி மட்டும் இன்னிக்குப் போடுங்க."