மரியாதையாகப் பேசும் வேலை

இந்த மாதம் முதல் தேதி நான் டிரெயினி ஆகிவிட்டேன். வயது நாற்பத்து நாலு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களோடு அரட்டை அடிக்கிறேனே, அதில் வீட்டு அடுப்பு எரியாது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை சர்க்கார் ஆபீஸில் அறிவிப்பு எழுதுவது என் உத்தியோகம். பிரெஞ்சில் அதை 'அவி' என்போம். சுவரில் ஒட்டிவிட்டால் அதுதான் சட்டம். அவர்கள் மூட்டை கட்டியதும் என் நாற்காலியும் போயிற்று. இப்போது மதராஸ் கம்பெனி ஒன்று நம் ஊரில் கிளை திறந்திருக்கிறது. தொழிலின் பெயர் 'பப்ளிக் ரிலேஷன்ஸ்'. மூன்று மாதம் கற்றுக்கொள்ள வேண்டும், தேறினால்தான் வேலை.

அது என்ன வேலை என்று என் மனைவி கேட்டாள். ஒருத்தரைப் பற்றி ஊரார் நல்லபடி நினைக்கும்படி செய்வது என்றேன்.

"அத அவங்களே நல்லபடியா நடந்து செஞ்சுக்கக் கூடாதா?" என்றாள்.

அந்தப் பாடம் இன்னும் வரவில்லை என்றேன். டிரெயினிதானே...

கிளை மேனேஜர் சுந்தரத்துக்கு இருபத்தாறு வயது. கழுத்தில் டை. நான் அவரை சார் என்கிறேன். என் நரையைப் பார்த்து அவரும் என்னை சார் என்கிறார். ஆபீஸில் எந்த சார் எந்த சாரைக் கூப்பிடுகிறார் என்று பியூனுக்குத்தான் குழப்பம்.

முதல் வேலை ஒரு பஸ் முதலாளிக்கு. காலாப்பட்டிலிருந்து டவுனுக்கு அவருடைய பஸ் ஓடுகிறது. விடியற்காலை முதல் டிரிப்பில் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு ஏறுகிறார்கள். வெள்ளை வேட்டிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் சொல்கிறார்கள். முதலாளிக்குத் தலைவலி.

பழக்க தோஷம் விடுமா? உட்கார்ந்த இடத்தில் எழுதி நீட்டினேன் — 'மீன் கூடையுடன் பஸ்ஸில் ஏறுதல் கூடாது. மீறுவோர் தண்டிக்கப்படுவர்.'

சுந்தரம் சிரித்தார். "சார், இது கவர்மென்ட் இல்லை. அவங்களே சந்தோஷமா இறங்கிக்கணும். கம்பெனி மேல வருத்தம் வரக் கூடாது. நீங்க உள்ளூர்க்காரர். போய் நயமா பேசிப் பாருங்க."

போனேன். பஸ்ஸின் பின்பக்கம் இரண்டு கூடைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. கைகூப்பி வணக்கம் சொன்னேன். குப்பத்துப் பெண்களின் உழைப்பின் மீது கம்பெனிக்கு எவ்வளவு மதிப்பு என்று ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்த வார்த்தைகள். எனக்கே இனித்தது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க முன்ன சர்க்காரு ஆபீஸ்ல இருந்தவருதான?"

"ஆமாம்மா."

"அப்பல்லாம் நோட்டீசு ஒட்டுவீங்க. யாரையாவது படிக்கச் சொல்லி கேட்டுட்டு, ரெண்டு வசவு வுட்டுட்டுப் போவோம். இப்ப வந்து கும்புடுறீங்க. எங்ககிட்டேர்ந்து எத புடுங்கிக்கப் போறீங்கன்னு சொல்லிடுங்கய்யா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒத்திகை பார்த்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

"இந்த பஸ்ஸத்தாம்மா" என்றேன்.

"நடந்து போனா வெயிலு ஏறிடும். மீனு கெட்டுப்பூடும். வூட்ல மூணு புள்ளைங்க இருக்குதுங்க, இத்த வித்தாதான் சோறு" என்றாள். பிறகு, என் வேட்டியில் படாதபடி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதட்டுகிற அதிகாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அடி எங்கே விழும் என்று தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். குழைந்து பேசினால்? பறிகொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். இத்தனை வருஷம் மிரட்டி எழுதியபோதுகூட நான் இவ்வளவு கூசியதில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். சுந்தரம் டையைத் தளர்த்திக்கொண்டார். "முதலாளிக்கு என்ன சார் சொல்றது?"

"அவர்கிட்டயும் நயமா பேசிப் பார்க்கலாமே சார்? நல்ல பேர் வேணும்னு வந்தவர் அவர்தானே?"

இரண்டு சாரும் சேர்ந்து போனோம். முதலாளி கத்தினார். காபி கூடக் கொடுக்கவில்லை. கடைசியில் சுந்தரம்தான் கேட்டார் — "அந்த நேரத்துல கூடைக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குறவங்க அவங்கதான். அவங்க இறங்கிட்டா வண்டி யாருக்காக ஓடும்?" முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார். கூடைகளுக்காகப் பின்னால் இரண்டு பெஞ்சை எடுத்துவிடச் சம்மதித்தார். ஒரு மாதம் பார்க்கலாம், அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் தேறுவேனா என்று சுந்தரத்தின் முகத்தில் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

மறுநாள் முதல் டிரிப்பில் ஏறினேன். வணக்கம் சொல்லவில்லை, உழைப்பு, மதிப்பு எதுவும் இல்லை. "பின்னாடி பெஞ்ச எடுக்குறாங்க, கூடைய அங்க வச்சிக்கலாம். ஒரு மாசந்தான். அப்புறம் என்ன ஆவும்னு எனக்கே தெரியாது."

அஞ்சலை வெற்றிலையை மென்றபடி தலையாட்டினாள். "இப்பதான்யா மனுசன் மாரி பேசுறீங்க."

பயிற்சியில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் — மேனேஜரிடம் காட்டத்தான் வழியில்லை.