டின் சுத்துன வரைக்கும்

எங்கப்பா மீன் வாங்குறத நீங்க பாத்திருக்கணும். மலாக்கா பாசார்ல மீன்கட சீன மொதலாளி, அந்த தவுக்கே முன்னாடி நின்னு, ஒவ்வொரு மீனா செவுள தூக்கி, கண்ண அமுக்கி, மோந்து பாத்து, "இது நேத்து மீனு லா"ன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவாரு. பின்னாடி லைன்ல நிக்கிற ஆன்ட்டிங்கல்லாம் முறைப்பாங்க. நான் தெரியாத மாதிரி கீரை பக்கம் போய் நின்னுக்குவேன். அவ்ளோ மானக்கேடு.

வேலையும் அப்படித்தான். குருபோங்ல ஒரு ஃபேக்டரில ஸ்டோர்கீப்பர். சப்ளையர் என்ன சொன்னாலும் பெட்டிய பிரிச்சு பாக்காம கையெழுத்து போடமாட்டாரு. லாரிக்காரனுங்க அவரப் பாத்தாலே "அலமா, போலீஸ் வந்துட்டாரு"ன்னு கத்துவானுங்க.

அப்பேர்ப்பட்ட ஆளு, போன்ல ஒருத்தன் பேசுனத செவுள தூக்கிப் பாக்காம அப்படியே வாங்கிட்டு வந்துட்டாரு. அந்தக் கதைதான் இது. நல்லா முடியாது, இப்பவே சொல்லிடுறேன்.

ஃபேக்டரி மூடிட்டானுங்க. அதுவரைக்கும் அம்மா சுட்ட முறுக்கு எங்க வீட்டுக்கு சைட் வருமானம். அதுக்கப்புறம் அதுதான் சோறு. நான் அப்போதான் காலேஜ் முடிச்சு ஆயர் குரோவுல ஒரு ஆபீஸ்ல போன் எடுக்குற வேலைக்கு சேந்திருந்தேன். என் சம்பளம் என் மோட்டார் பைக்குக்கும் பெட்ரோலுக்குமே இழுபறி. அதனால வீடு நின்னது முறுக்கு மேலதான், சிரிக்காதீங்க.

அம்மா வியாபாரம் எப்படின்னா, போர்டு கிடையாது, பேரு கிடையாது. பழைய சதுர பிஸ்கட் டின்னுதான். மூடிக்கு உள்பக்கம் சிவப்பு நகப்பாலிஷ்ல ஒரு புள்ளி. எங்க கஜா பெராங் பக்கம் எந்த வீட்டு அடுப்படில டின் மூடியத் தொறந்து அந்தப் புள்ளிய பாத்தாலும் அது எங்களோடது. முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு எல்லாம் அதுலதான் போகும். தின்னு முடிச்சதும் டின் திரும்பி வரும். ஆனா காலியா வராது. எதுத்த வீட்டு சீன பாட்டி ஆரஞ்சு போட்டு அனுப்பும். பின்னாடி தெரு மலாய்க்காரம்மா டோடோல் அல்வா வெட்டி வெச்சு அனுப்பும். பக்கத்து வீட்டு சிட்டி ஆன்ட்டி, அந்தக் காலத்துலயே இங்க வந்த மலாக்கா செட்டி வம்சம், நம்மள மாதிரியே சாமி கும்புடுவாங்க, பொட்டு வெப்பாங்க, பேச்சு மட்டும் மலாய், அவங்க வாஜிக்னு ஒட்டரிசி இனிப்பு கிண்டி, குலா மலாக்கா கருப்பட்டி வாசத்தோட கொண்டு வருவாங்க. ஒண்ணுமே இல்லாத வீட்டுல ஒரு கைப்பிடி சீனியாவது போட்டு விடுவாங்க. காலி டின்ன திருப்பிக் குடுக்குறதுன்னா அந்த வீட்டோட பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். இத யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்தது இல்ல. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

அப்படி டின்ன கொண்டு வர்றப்போ கேட்டுல நின்னு ஒரு பேச்சு நடக்கும் பாருங்க, அங்கதான் அடுத்த ஆர்டரே. "கறிவேப்பிலை நெறைய போடு, போன தடவ கஞ்சமா இருந்துச்சு." "ஏன், போன தடவ மிச்சம் வெச்சியா, எல்லாத்தையும் தின்னுட்டுதானே கம்ப்ளைண்ட் பண்ற." அம்மாவோட அரைகுறை மலாய்ல இந்தச் சண்ட கேக்க செம்ம காமெடியா இருக்கும்.

ஃபேக்டரி மூடுனதுக்கப்புறம் அப்பா நாள் பூரா ஹால்ல போனோட உக்காந்திருந்தாரு. அந்த போன்ல வந்து மாட்டுனான் ஒரு பிசினஸ் கோச். பின்னாடி பெரிய கண்ணாடி சன்னல், கருப்பு கோட்டு, நம்ம தமிழ்தான். "உங்க கிச்சன்ல ஒரு கம்பெனி தூங்குது, எழுப்புங்க"ன்னு ஆரம்பிப்பான். மொதல்ல ஃப்ரீ கிளாஸ். அப்புறம் சூம்ல காசு கட்டுற கிளாஸ். பேசிக்கிட்டே இருப்பான், நடுவுல நிறுத்தி, "புரிஞ்சவங்க எஸ் போடுங்க"ம்பான். எங்கப்பா ஒத்த வெரலால தடவித் தடவி டைப் பண்ணுவாரு. எஸ் கோச்.

ஒரு நாள் லைவ்ல அவன் அப்பா பேரச் சொல்லிக் கூப்புட்டான். "அண்ணே, நீங்க வெறும் ஸ்டோர்கீப்பர் இல்ல. நீங்க ஃபவுண்டர்." நான் டீய ஊத்திக்கிட்டு இருந்தேன். அப்பா நிமுந்து உக்காந்தாரு. சட்டக் காலர சரி பண்ணாரு. கேமரா கூட ஆன் பண்ணல மனுஷன்! வேலை போனதுலேந்து வெளியாளு யாரும் அவர் பேர மரியாதையா சொன்னதில்லன்னு எனக்கு அப்போதான் ஒறச்சுச்சு. அந்த எடத்துலதான் அவன் தூண்டில் போட்டான்னு இப்போ நினைக்கிறேன். அன்னைக்கு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு.

"அப்பா, அந்தாளு வாழ்க்கையில எப்பயாச்சும் முறுக்கு வித்திருக்கானா?"

"அவரு பிசினஸ் கத்துக் குடுக்குறாரு. முறுக்கு இல்ல."

"மீனுன்னா மோந்து பாக்குறீங்க. இத மோந்து பாக்கலயா?"

"இந்தா, வாயாடி. கோச் மொத கிளாஸ்லயே சொல்லிட்டாரு. வீட்டுக்குள்ளயே நெகட்டிவ் ஆளுங்க இருப்பாங்க, படிச்ச திமிர்ல கேள்வி கேப்பாங்க, காதுல வாங்காதீங்கன்னு."

பாருங்க, என்னா வேலை. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே என் வாய்க்கு பூட்டு போட்டுட்டு போயிருக்கான். அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் அது கோச் சொன்னது சரிங்கிறதுக்கு சாட்சியா ஆயிடுச்சு. கத்துனா நெகட்டிவ். கத்தாம இருந்தா, பாத்தியா, நீயே ஒத்துக்கிட்ட.

தீபாவளிக்கு முன்னாடி கோச்சோட பிளான் வீட்டுக்குள்ள வந்துச்சு. டின் வேணாம், அழுக்கு, ஓல்ட் ஃபேஷன். பழுப்பு அட்டப்பெட்டி, தங்கக் கலர் ஸ்டிக்கர். கேட்டுல நின்னு ஆர்டர் எடுக்கக்கூடாது, டைம் வேஸ்ட், ஸ்டிக்கர்ல இருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி ஃபாரம் ரொப்பணும். அக்கம்பக்கம் கஸ்டமரே இல்ல, அவங்க பேரம் பேசுவாங்க. உங்க உண்மையான கஸ்டமர் கோலாலம்பூர்ல காண்டோ அடுக்குமாடில இருக்குற பிசியான பொண்ணு, அவள மனசுல வெச்சு விக்கணும்.

"யாரு அந்தப் பொண்ணு?"ன்னு அம்மா கேட்டாங்க.

"அப்படி யாரும் இல்ல. கற்பனை."

"கற்பனைக்கு பல்லு இருக்கா, முறுக்கு கடிக்க?"

அப்பாவே சிரிச்சிட்டாரு. அம்மாவும் பெருசா எதிர்க்கல, அதையும் சொல்லணும். டின் கழுவுற வேலை மிச்சம்னு அவங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷந்தான். பழைய இரும்பு வாங்குற லாரி ஒலிபெருக்கில கத்திக்கிட்டு தெருவுக்குள்ள வந்தப்போ, அப்பா வீட்டுல இருந்த டின்ன எல்லாம் ஏத்தி விட்டுட்டாரு. சிவப்புப் புள்ளி வெச்ச மூடிங்க லாரியில கடகடன்னு போச்சு. வெளிய வீடுகள்ல இருந்ததுதான் மிச்சம்.

இருந்த பழைய ஆர்டருக்கு அட்டப்பெட்டிங்க ஊருக்குள்ள போச்சு. எல்லாரும் "வாவ், அழகு"ன்னாங்க. தின்னாங்க. பெட்டிய குப்பையில போட்டாங்க. அவ்ளோதான். திருப்பித் தர ஒண்ணுமில்லாததால யாரும் கேட்டுக்கு வரல. அனேகமா எந்த வீட்டு அடுப்படிலயும் டின் கண்ணுல படாததால எங்க ஞாபகமும் வரல. கோலாலம்பூர்லேந்து ஃபாரம் ரொப்புன கொஞ்ச பேருக்கு கூரியர்ல அனுப்புனோம். மலாக்கா மழையில அட்டப்பெட்டி என்னா ஆகும்? முறுக்கு லெமாவ் ஆயிடுச்சு, நமுத்துப் போயி கடிச்சா ரப்பர் மாதிரி. ஒருத்தி முறுக்க வளைச்சுக் காட்டி வீடியோவே போட்டா. ஆபீஸ்ல எனக்கு யாரோ ஃபார்வர்ட் பண்ணாங்க, எங்க ஸ்டிக்கர்னு தெரியாம. பாத்துட்டு டாய்லெட்ல போய் உக்காந்துக்கிட்டேன்.

தீபாவளி நெருங்க நெருங்க எங்க வீட்டுல எண்ணெய் காயுற வாசம் இல்ல. நான் பொறந்ததுலேந்து அப்படி ஒரு தீபாவளி பாத்ததில்ல. அம்மா மாவு மூட்டய பாத்துக்கிட்டே, "என்னமோ தெரியல, இந்த வருஷம் யாரும் வரல"ன்னாங்க. நெஜமாவே அவங்களுக்கும் புரியல. எனக்கும் அப்போ புரியல.

அப்பா கிளாஸ்ல கேட்டாரு. மொத தடவயா மைக் ஆன் பண்ணி, "கோச், நீங்க சொன்னதெல்லாம் பண்ணிட்டேன், ஆர்டர் வரல"ன்னாரு.

"அண்ணே, உள்ளுக்குள்ள நீங்க முழுசா நம்பல. அது கஸ்டமருக்கு தெரிஞ்சிடும். ப்ராப்ளம் பெட்டியில இல்லண்ணே. உங்க மைண்ட்ல."

அப்பா தலையாட்டுனாரு. சப்ளையர பாத்து வெரல் நீட்டுற ஆளு, தவுக்கேகிட்ட சண்ட போடுற ஆளு, தப்பு தன்னோடதுன்னு தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. "அப்பா, அவன் உங்கள..."ன்னு ஆரம்பிச்சேன். கைய காட்டி நிறுத்திட்டாரு. கோவமா கூட இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு.

தீபாவளி முடிஞ்சு ஒரு சாயங்காலம் சிட்டி ஆன்ட்டி கேட்டுக்கு வந்தாங்க. கையில எங்க டின். அம்மா ஓடுனாங்க, முகமெல்லாம் வெளிச்சம். மூடியத் தொறந்தாங்க. நல்லா கழுவி, தொடச்சு, காய வெச்சிருந்துச்சு. காலி.

"ஒண்ணும் போடல, தப்பா நினைக்காத"ன்னாங்க ஆன்ட்டி மலாய்ல. "நீங்க இப்போ பெரிய கடை. எங்களுக்கும் ஸ்டிக்கர் பெட்டிதானே வந்துச்சு. கடைக்காரங்களுக்கு யாராச்சும் வாஜிக் குடுப்பாங்களா?" கிண்டலா சொல்லல, மரியாதையா சொன்னாங்க. போறப்போ "தெரிமா காசே"ன்னு வேற சொன்னாங்க. இத்தன வருஷத்துல அந்த ரெண்டு பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்ல. திட்டித்தான் கேட்டிருக்கேன்.

அம்மா டின்ன ஹால்ல அப்பா மடியில வெச்சாங்க. அடுப்படிக்குப் போய், லைட்ட போடாம, ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டாங்க.

அப்பா மூடியத் தொறந்தாரு. உள்ள பாத்தாரு. மோந்து பாத்தாரு. சத்தியமா சொல்றேன், மீன் வாங்குற அதே மூஞ்சி, ஒரு செகண்டு வந்துச்சு. புள்ளிய வெரலால தடவுனாரு. அம்மா உக்காந்திருந்த பக்கம் திரும்புனாரு. நான் மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு நின்னேன். சொல்லுங்கப்பா, எதாச்சும் சொல்லுங்க, தவுக்கேகிட்ட சொல்றமாதிரி ஒரு வார்த்த.

போன்ல கிளாஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. "பழைய சிந்தனைய விட்டுட்டு வந்தவங்க எத்தன பேரு? எஸ் போடுங்க!"

அப்பா டின்ன மூடி, நாற்காலிக்கு அடியில தள்ளி வெச்சாரு. போன எடுத்தாரு. ஒத்த வெரலால, மெதுவா, எழுத்து எழுத்தா.

எஸ் கோச்.